மூன்று பிழை, ஒரு சரி

அத்தியாயம் ஐந்து

ஷெரில் அந்தக் குரல் பதிவைத் திரும்பவும் ஓட விட்டாள். மேசையில் கிடந்த போனைச் சுற்றி நாலு தலைகள் குனிந்திருந்தன.

"பிள்ளைகள், உதயரூபன் சேர் பேசுறன். அவசரமாக் கொழும்புக்கு வந்திட்டன். இந்தக் கிழமை வகுப்பு இல்ல. வீட்டுக்குத் தந்த கணக்குக்கு விடை சொல்லுறன், திருத்திக்கொள்ளுங்க. இரண்டின் மூன்றாம் வலு, ஆறு. ஐந்தின் இரண்டாம் வலு, பத்து. மூன்றின் நான்காம் வலு, பன்னிரண்டு. கடைசிக் கணக்கு, பத்துக்குச் சுட்டி பூச்சியம், விடை ஒன்று. விளங்காட்டி யோசிச்சுப் பாருங்க. யோசிச்சா விளங்கும்."

பதிவு அவ்வளவுதான். ரியூசன் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அது வந்து விழுந்தது சனிக்கிழமை பின்னேரம். பிள்ளைகள் கீழே சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளியிருந்தார்கள். சேருக்கே கணக்குப் பிழைத்துவிட்டதாம்!

"மிஸ், கொழும்புக்குப் போனா எல்லாம் விலை கூடுமெண்டுதான் கேள்விப்பட்டிரிக்கன். இஞ்ச விடையெல்லாம் மலிஞ்சு போயிரிக்கே!" என்றான் ஜிப்ரி.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜிப்ரி ஓட்டோக்காரன், ஷெரிலுக்குச் சாரதி, உதவியாள், ஓயாத வாய், மூன்றும் அவனே. சிரிக்க வைக்க முடியாத இடத்தில் அவன் மெதுவாக ஜன்னல் பக்கம் ஒதுங்கிவிடுவான். இப்போதும் ஒதுங்கினான். ஜன்னலுக்கு வெளியே மட்டக்களப்புப் புளியந்தீவின் கூரைகளுக்கு அப்பால் வாவி வெயிலில் தகரம் போலக் கிடந்தது.

எதிரே இருந்த அஜந்தா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உதயரூபனின் மனைவி. கலியாணமாகி இன்னும் பிள்ளை இல்லை. கணவன் காணாமல் போன நாளிலிருந்து பொலிசுக்கும் ரயில் நிலையத்துக்குமாக அலைந்து, கடைசியில் ஷெரிலின் புலனாய்வு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பக்கத்தில் நல்லரத்தினம். ரியூசன் நிலையத்தின் சொந்தக்காரர். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் சந்தனம், பேச்சில் பஞ்சு. தன் காரில் அஜந்தாவை ஏற்றிவந்தவரும் அவர்தான்.

"பொலிசில என்ன சொல்லுறாங்க?" என்று கேட்டாள் ஷெரில்.

"அவர்ட மோட்டார் சைக்கிள் ரயில் ஸ்டேசனில நிக்குதாம். குரலும் அவர்ட குரல்தானாம். பெரிய மனுசன், போன மனுசன் வருவாரு, வீட்டுக்குப் போங்க எண்டு சொல்லுறாங்க." அஜந்தா நிமிர்ந்தாள். "நான் சின்னப் பிள்ளையா இரிக்கக்க எங்கட அண்ணனும் ஒரு நாள் காலம சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனவர். வருவாரு, வீட்டுக்குப் போங்க எண்டுதான் எங்கட அம்மாவுக்கும் சொன்னாங்க. அம்மா செத்தும் போயிட்டா மிஸ்."

இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. எந்தத் தெருவிலும் யுத்தத்தில் ஆளைத் தொலைத்த வீடு ஒன்று உண்டு.

"அவர் கொழும்புக்குப் போகல்ல," என்றாள் அஜந்தா. "கொழும்புக்குப் போற மனுசன் பாத்ரூம் செருப்போடயா போவாரு? சப்பாத்து வீட்டுல கிடக்கு."

ஷெரில் தலையசைத்தாள். புலனாய்வுக்கு வருமுன் அவள் காப்புறுதிக் கம்பனியில் விபத்து விசாரிப்பவளாக இருந்தவள். எரிந்த கடை, கவிழ்ந்த லொறி, களவுபோன படகு என்று ஊர் ஊராகத் திரிந்து ஒன்றைக் கற்றிருந்தாள். பொய் சொல்லுகிறவன் ஒவ்வொரு தடவையும் புதுப் பிழை விடுவான். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

"இரண்டின் மூன்றாம் வலு எண்டா என்ன, ஜிப்ரி?"

"கீழ நிக்கிற இரண்டு அடி, மேல நிக்கிற மூணு சுட்டி. இரண்டை மூணு தரம் வெச்சுப் பெருக்குறது. ரெண்டு ரெண்டு நாலு, நாலு ரெண்டு எட்டு. ஓட்டோ ஓட்டுறவனுக்கும் தெரியும் மிஸ்."

"சேர் ஆறு எண்டு சொல்லுறார். எப்படி ஆறு வந்த?"

ஜிப்ரி தலையைச் சொறிந்தான். "ரெண்டையும் மூணையும் சும்மா பெருக்கிட்டாரு."

"ஐந்தின் இரண்டாம் வலு இருபத்தைந்து. அவர் ஐந்தையும் இரண்டையும் பெருக்கிப் பத்து எண்டார். மூன்றின் நான்காம் வலு எண்பத்தொன்று. அதையும் பெருக்கிப் பன்னிரண்டு. வாய் தடுமாறினா ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாத் தடுமாறும். இது தடுமாற்றம் இல்ல, தேர்ந்தெடுத்த பிழை." ஷெரில் அஜந்தாவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பிழையை வகுப்பில வழமையா விடுற ஆள் ஆரும் இரிக்காங்களா? சேர் வீட்டுல வந்து கதைக்கிற மாதிரி?"

அஜந்தாவின் விரலில் சேலைத் தலைப்பு இறுகியது.

"இரிக்காங்களா?"

"ஒருத்தி இரிக்காள்." குரல் அடியில் போயிருந்தது. "தனுஷியா. வாழைச்சேனைக்காரி. புருசன் இல்லாதவள், ஒரு பிள்ளை இரிக்கு. சாதாரண தரச் சோதினையில கணக்குப் பாடம் மட்டும் பாஸ் இல்லையாம். அது இல்லாமப் பாலர் பாடசாலை வேலை கிடைக்காதாம். சின்னப் பிள்ளைகளோட வந்து வகுப்பு வாங்கில இரிந்து படிக்கிறாள். எத்தினை தரம் சொன்னாலும் சுட்டியை அடியோட பெருக்கிப்போட்டு வருவாளாம். வகுப்பில அதுக்குப் பேரே தனுஷியா கணக்கு. இவர் அதை வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவார். மறுகா சிரிக்கிறத உட்டுட்டுப் பாவம் எண்டு சொல்லத் தொடங்கினார். எனக்கு அது பிடிக்கல்ல."

நல்லரத்தினம் பெருமூச்சு விட்டார். "நான் வாய் திறக்கக் கூடாதெண்டுதான் இரிந்தன், தங்கச்சி. நிலையத்திலயும் ஒரு மாதிரிக் கதை இரிந்தது. உங்கட மனசு நோகுமெண்டு நான் சொல்லல்ல."

அஜந்தாவின் முகத்தில் இரத்தம் வற்றியதை ஷெரில் பார்த்தாள். தேடிக் கண்டுபிடித்த தடயம் இப்படி ஒரு பெண்ணின் தலையிலா போய் விழ வேண்டும்? ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. ஒருத்தியோடு ஓடிப் போகிறவன் அவளுடைய பெயரை வகுப்புக் குழுவிலா போடுவான்? கடைசிக் கணக்கு வேறு கணக்காக இருந்தது. தனுஷியா கணக்கின்படி பத்தையும் பூச்சியத்தையும் பெருக்கினால் பூச்சியம் வரும். அவர் ஒன்று என்றார். பூச்சியம் தவிர எந்த எண்ணுக்கும் சுட்டி பூச்சியமானால் விடை ஒன்று. அது மட்டும் சரி. மூன்றைப் பிழையாகச் சொன்னவர் நாலாவதை ஏன் சரியாகச் சொன்னார்?

அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வாழைச்சேனைக்குப் போறம்," என்று எழுந்தாள். "அஜந்தா, நீங்க வீட்டுல இரிங்க. போனைக் கையில வெச்சிரிங்க."

"நான் தங்கச்சியோட போய் இரிக்கன்," என்றார் நல்லரத்தினம். "இந்த நேரத்தில தனிய உடக் கூடா. என்ன தெரிஞ்சாலும் எனக்கு ஒரு கோல் எடுங்க மிஸ்."

நல்ல மனிதர் என்று ஷெரில் நினைத்துக்கொண்டாள்.

*

ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி என்று ஊர்கள் பின்னால் ஓடின. கிரான் சந்தியில் உழவு இயந்திரம் ஒன்று நெல் மூட்டைகளோடு பாதையை மறித்துத் திரும்பியது. உதயரூபன் பிறந்த ஊர் அது. ஜிப்ரி ஹோர்னை அழுத்தி அழுத்திக் களைத்துப் போனான்.

"மிஸ், அந்தப் பொம்பிள வீட்டுல சேர் சாரம் உடுத்துக்கிட்டு இரிந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இரிந்தா என்ன செய்ற?"

"நீயும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடி."

"சீனி போட்டா, போடாமயா?"

ஷெரில் சிரித்தாள். அவர் அந்த வீட்டில் சாரத்தோடு இருந்தால் நல்லது என்று தோன்றியது. அஜந்தாவுக்கு அது பெரிய அவமானம். ஆனாலும் அவர் உயிரோடு இருப்பார்.

தனுஷியாவின் வீடு துறைமுகத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. முற்றத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை சிரட்டையில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். தனுஷியா மீன் வெட்டிய கையோடு எழுந்து வந்தாள். உள்ளே ஒரே அறை. எட்டிப் பார்க்காமலே தெரிந்தது, உதயரூபன் அங்கே இல்லை.

ஷெரில் வந்த காரியத்தைச் சொன்னாள். தனுஷியாவின் வாய் கோணியது.

"ஆர் சொன்ன? சேர்ட பொஞ்சாதியா? நான் அவரோட ஓடிட்டன் எண்டா?" கண் கலங்கியும் குரல் தழுதழுக்கவில்லை. "நான் கணக்குப் படிக்கப் போனவள் மிஸ். அந்தப் பிள்ளைகள் ஆன்ரி, ஆன்ரி எண்டு நக்கல் அடிக்கக்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இரிந்தவள். அவர் ஒருத்தர்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கல்ல."

"நீங்க அந்தப் பதிவைக் கேட்டீங்களா?"

"கேட்டன். எனக்குத்தான் நக்கல் எண்டு நினைச்சன். அவரும் அப்படித்தான் எண்டு நினைச்சுப் போனைத் தூக்கிப் போட்டுட்டன்."

"கடைசிக் கணக்கையும் கேட்டீங்களா?"

"அது... அது என்ட கணக்கு இல்லியே." தனுஷியா நின்றாள். "அது ஒண்டைத்தான் நான் சரியாச் செய்ற. சுட்டி பூச்சியம் வந்தா நான் பிழைக்கிறதே இல்ல."

"ஏன்?"

"அதை அவர் எனக்குக் கையில வெச்சுக் காட்டினவர். ஐஸ் கட்டியில."

ஜிப்ரி வாயைத் திறந்தான். ஷெரில் கையைக் காட்டி அடக்கினாள்.

"அப்ப நான் ஐஸ் கம்பனியில வேலை," என்றாள் தனுஷியா. "கிரானில அவங்கட சொந்தத்தில ஒரு கலியாணம். சர்பத்துக்கு ஐஸ் வாங்க வந்தார். சேர், சுட்டி பூச்சியமெண்டா ஒண்டும் இல்லத்தானே, அப்ப விடையும் பூச்சியம்தானே எண்டு கேட்டன். அவர் ஒரு கட்டியை எடுத்துச் சின்னச் சின்னதா எட்டாப் போட்டார். இது இரண்டின் மூன்றாம் வலு. சுட்டியில ஒண்டு குறைஞ்சா பாதி போயிடும் எண்டு நாலைத் தட்டி விட்டார். இது இரண்டாம் வலு. இன்னும் ஒண்டு குறைஞ்சா ரெண்டு மிச்சம். இன்னும் ஒண்டு குறைஞ்சா சுட்டி பூச்சியம். இப்ப கையில என்ன இரிக்கு எண்டு கேட்டார். ஒரு துண்டு ஐஸ் இரிந்தது. கை விறைச்சுப் போச்சு. பூச்சியம் எண்டு சொல்ல ஏலுமா எண்டு கேட்டார்."

அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணத்தில் ஷெரிலுக்கு எல்லாம் தலைகீழாகப் புரண்டது. மூன்று பிழையும் இவளைக் காட்டிக் கொடுக்கவில்லை, இவளைக் கூப்பிட்டன. வகுப்பு முழுவதும் கேட்டாலும் இது உனக்குத்தான் தனுஷியா என்று பெயர் சொல்லாமல் அழைத்தன. பெயர் வாயில் வந்திருந்தால் பக்கத்தில் நின்று பதிய வைத்தவனுக்குத் தெரிந்திருக்கும். கூப்பிட்டபின் சொல்ல வேண்டியதை அந்த ஒரே ஒரு சரியான விடை சொன்னது.

"அந்த ஐஸ் கம்பனி இப்ப எங்க?"

"பூட்டிக் கிடக்கு. கரண்ட் பில் கட்ட ஏலாம விட்டுட்டாங்க. வாவிக்கரையில, அங்கால." தனுஷியாவின் கண் விரிந்தது. "மிஸ்! சேர் அங்கயா இரிக்கார்?"

அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கழுவாத கையோடு ஓட்டோவில் ஏறினாள்.

*

பாதி வழியில் போன் அடித்தது. நல்லரத்தினம்.

"என்ன மிஸ், ஏதும் தெரிஞ்சுதா? தங்கச்சி அழுதுகிட்டே இரிக்கா."

"தனுஷியா எங்களோடதான் இரிக்கா சேர். ஓடிப்போன கதை பொய். அந்தப் பதிவில இடத்தையும் சொல்லியிரிக்கார். பழைய ஐஸ் கம்பனி. அங்கதான் போய்க்கிட்டு இரிக்கம்."

"நல்லது," என்றார் நல்லரத்தினம். "நல்லது, நல்லது."

போன் நின்றது. பக்கத்தில் இருந்த தனுஷியா கேட்டாள்.

"ஆர் மிஸ் அது?"

"உங்கட நிலையத்து நல்லரத்தினம்."

"அவருக்கு ஏன் சொன்னீங்க?" தனுஷியாவின் குரல் உயர்ந்தது. "அந்தக் கம்பனியை வாங்கினவரே அவர்தான்! மெசின் கழட்டக்க கேற்றில நிண்டதைக் கண்டன். வகுப்பில ஆருக்கும் சொல்லிராத தங்கச்சி, வரிப் பிரச்சினை எண்டார். நான் ஏன் சொல்லப் போறன் எண்டு இரிந்தன்."

ஜிப்ரியின் கை தானாக வேகத்தைக் கூட்டியது. அவன் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. ஷெரிலுக்குச் சந்தனப் பொட்டும் பெருமூச்சும் கண்முன் வந்தன. நிலையத்திலயும் ஒரு மாதிரிக் கதை இரிந்தது! அவரே ஊதிய கதை. இப்போது அந்த மனிதர் அஜந்தாவின் வீட்டில், அஜந்தாவுக்கு முன்னால், ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்கிறார். அவரை நம்பி வீட்டுக்குள் விட்டதும் தானே, வழி சொல்லிக் கொடுத்ததும் தானே.

மட்டக்களப்புப் பொலிசில் அவளுக்குத் தெரிந்த எஸ்.ஐ. அஹமட்டை அழைத்து மூச்சு விடாமல் சொன்னாள். அஜந்தாவின் வீட்டுக்கு ஒரு ஜீப். ஐஸ் கம்பனிக்கு வாழைச்சேனைப் பொலிசார். "ஜீப் வெளிய போயிரிக்கு, வந்த உடன அனுப்புறன்," என்றார் அவர். "நீங்க உள்ள போகாதீங்க மிஸ்."

அஜந்தாவுக்கு இப்போதே சொல்லிவிடலாமா? விரல் அவளுடைய பெயரில் நின்றது. கணவன் கிடைக்காமல் சொன்னால் நம்புவாளா? நம்பினால் கத்துவாள். கத்தினால் அவர் என்ன செய்வார்? ஷெரில் போனை மடியில் வைத்தாள்.

*

கம்பனி மதிலுக்குள் ஒரு வான், முன்பக்கம் கேற்றைப் பார்த்தபடி, இயந்திரம் ஓட நின்றது. மஞ்சள் ரீசேட்டு போட்ட தடியன் ஒருவன் போனைக் காதில் வைத்து, "சரி சேர், இப்பவே ஏத்துறன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாவிப் பக்கத்தால ஐஸ் சறுக்கி விடுற வழி இரிக்கு," என்று தனுஷியா கிசுகிசுத்தாள். "மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் இறக்குற துவாரம். அதால ஆள் போகலாம்."

"ஜிப்ரி, இவனை நிற்பாட்டு."

"என்ன சொல்லி மிஸ்?"

"உன்ட வாய்க்கு இதுவரைக்கும் நான் சம்பளம் குடுத்தது சும்மாவா?"

ஜிப்ரி ஓட்டோவைக் கேற்றுக்கு நடுவில் குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி, சோம்பல் முறித்து, "நானா, ஐஸ் இரிக்கா?" என்று கேட்டான்.

"கம்பனி பூட்டிட்டாங்க. ஓட்டோவை எடு."

"அந்த ஐஸைக் கேக்கல்ல நானா." ஜிப்ரி கண்ணைச் சிமிட்டினான். "மற்ற ஐஸ்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னவன்தான். ஊரில் ஒரு போதைத்தூளுக்கும் அதே பெயர் என்பதால் ஒரு பகிடிக்குச் சொன்னான். தடியனின் முகம் செத்துப் போனதைக் கண்டபோதுதான் பகிடி பலித்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியது.

"ஆர்ரா உன்னை அனுப்பின?"

"யா அல்லாஹ்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஜிப்ரி ஓட்டோச் சாவியை உருவி, கண்டல் பற்றைக்குள் தூக்கி எறிந்தான். "இப்ப ஓட்டோ அசையாது நானா. வானும் வெளிய வராது. சாவி தேடுறதுக்கு நீங்களும் வாறீங்களா?"

தடியன் அவன் மேல் பாய்ந்தான். ஜிப்ரி ஊர் கேட்கக் கத்தினான். வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

அதே நேரம் ஷெரிலும் தனுஷியாவும் இடுப்பளவு வாவித் தண்ணீரில் நின்றார்கள். துவாரத்தின் பலகை துருப்பிடித்த கொளுக்கியில் தொங்கியது. தனுஷியா அதைத் தட்டிக் கழற்றினாள். உள்ளே இருட்டு, அமோனியா வாடை பழசாகியும் மூக்கைக் குத்தியது. தவழ்ந்து ஏறியபோது ஷெரிலின் முழங்கை கிழிந்தது.

ஐஸ் உறைய வைக்கும் வெறும் தொட்டிகளுக்கு நடுவில் உதயரூபன் கிடந்தார். கையும் காலும் கட்டி, கண்ணைத் துணியால் மூடி. உதடு வெடித்திருந்தது. ஒரு காலில் பாத்ரூம் செருப்பு, மற்றது எங்கேயோ.

"சேர்," என்றாள் தனுஷியா.

அவர் தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். "தனுஷியாவா?"

"ஓம் சேர்."

"விளங்கிச்சா?"

"விளங்கினது சேர். நேரம் போயிட்டு." அவள் மீன் மணக்கும் கையால் கண் கட்டை அவிழ்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

ஷெரில் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உதயரூபன் அவளைப் பார்த்தார். ஆர் என்று கேட்கவில்லை.

"அஜந்தா எங்க? அவவோட ஆர் இரிக்கா?"

"நல்லரத்தினம்," என்றாள் ஷெரில்.

அவர் எழ முயன்று விழுந்தார்.

ஷெரில் போனை எடுத்தாள். இனிச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அஜந்தா எடுத்தாள்.

"அஜந்தா, பக்கத்தில நல்லரத்தினம் இரிக்காரா? ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு சொல்லும் சொல்லாதீங்க."

"ஓம்."

"உங்கட அவர் உயிரோட இரிக்கார். என்னோட இரிக்கார். அவரைக் கட்டி வெச்சது அந்த நல்லரத்தினம்தான்."

நம்பட்டும் என்று ஷெரில் போனை உதயரூபனின் வெடித்த உதட்டருகே பிடித்தாள்.

"அஜந்தா," என்றார் அவர்.

"ஓம்," என்றாள் அஜந்தா. அந்த ஒரு சொல் பாதியில் உடையப் பார்த்து உடையாமல் நின்றது.

"பொலிஸ் வந்துகிட்டு இரிக்கு," என்றாள் ஷெரில். "அவருக்குத் தெரியக் கூடாது. ஒண்டும் கிடைக்கல்ல எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்க. இரிக்க வெச்சுக்கொள்ளுங்க. ஏலுமா?"

"ஓம்," என்றாள் மூன்றாம் முறையும்.

வெளியே மீன்காரர்களின் கூச்சலுக்கு மேலாகப் பொலிஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. தடியனைப் பிடித்து மண்ணில் இருத்தியிருந்தார்கள். ஜிப்ரியின் சேட்டுக் கிழிந்து மூக்கில் இரத்தம் வழிந்தது. அவன் பற்றைக்குள் குனிந்து நின்றான்.

"சாவி கிடைச்சா மிஸ் சொல்லுறன்," என்றான்.

*

ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டிலோரம் அஜந்தா இருந்தாள். நல்லரத்தினத்தை அவளுடைய முன் அறையிலேயே, தேத்தண்ணிக் கோப்பை கையில் இருக்கும்போதே பிடித்ததாக அஹமட் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். தடியனுடைய போன் பதில் சொல்லாமல் போனதும் இரண்டு தடவை எழும்பினாராம். இரண்டு தடவையும் அஜந்தா இருத்திவிட்டாளாம்.

"எப்படி இரிந்தீங்க அந்த நேரம்?" என்று கேட்டாள் ஷெரில்.

"தேத்தண்ணி ஊத்தக்க கை நடுங்கிச்சு மிஸ். கவலைப்படாத தங்கச்சி, புருசன் போனா என்ன, நான் இரிக்கன் எண்டு அவர் என்ட கையைப் பிடிச்சார். நடுக்கத்தை அழுகையெண்டு நினைச்சிட்டார்." அவள் அந்தக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகும் துடைத்தாள்.

தனுஷியா வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. அஜந்தா அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கதிரையில் கிடந்த துவாயை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். தனுஷியா வந்து நுனியில் இருந்தாள்.

உதயரூபன் மெதுவாகச் சொன்னார். வகுப்பில் சில பிள்ளைகளின் கண் சரியில்லை என்று கண்டவர் அவர்தான். ஒருவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது அழுது கக்கிவிட்டான். முதல் தூள் சும்மா கிடைக்குமாம், சோதனைக்கு நித்திரை முழிக்க என்று சொல்லி. அடுத்தது வேண்டுமென்றால் மூன்று பேரைக் கூட்டி வர வேண்டுமாம்.

"எங்கிருந்து வருகுதெண்டு அவனுக்குத் தெரியாது. நான் நிலையத்துச் சொந்தக்காரருக்குத்தான் முதல்ல சொல்லணுமெண்டு நினைச்சன். காலமயே, செருப்போட, அவர்ட வீட்டுக்குப் போய்ச் சொன்னன். அவரும் கேட்டுப் பதறினார். வாங்க சேர், ஒரு இடம் காட்டுறன் எண்டு காரில ஏத்தினார். என்ட மோட்டார் சைக்கிளை ஸ்டேசனில விட்டுட்டு, கொழும்புக்குப் போனதாப் பேசச் சொல்லி அடிச்சாங்க; வீட்டுக் கணக்குக்கு விடையும் சொன்னாத்தான் பிள்ளைகள் நம்புவாங்க எண்டு நான் சொன்னன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒருத்தன் மூணு பேர். அந்த மூணு பேரும் மூணு மூணு பேர், அது ஒன்பது. அடுத்தது இருபத்தேழு, அதுக்கடுத்தது எண்பத்தொண்டு. அதே கணக்கைத்தான் நான் கரும்பலகையில எழுதிக்கிட்டு நிண்டிரிக்கன். எனக்குப் பின்னால வாங்கில அது நடந்துகிட்டு இரிந்திரிக்கு. இப்ப எத்தினையாம் வலுவில நிக்குதெண்டு எனக்குத் தெரியாது மிஸ்."

ஷெரில் வெளியே வந்தாள். செய்தி ஊருக்குள் போய்விட்டது. தாழ்வாரத்தில் சனம். சந்தைப் பையோடு வந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"மிஸ், என்ட மகனும் அந்த ரியூசன்லதான் படிக்கான். இப்பெல்லாம் சோறு தின்னுறான் இல்ல. விடிய விடிய முழிச்சிரிக்கான். சோதினைக்குப் படிக்கான் எண்டு நினைச்சன். நான்தானே மிஸ் எழும்பி எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்."

ஷெரில் ஜிப்ரியைப் பார்த்தாள். அவன் மூக்கில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தலை குனிந்துகொண்டான். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னும் மூன்று தாய்மார் நின்றார்கள். கேற்று வழியாக இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.